ஹோம் தியேட்டர் கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் ஜார்ஜ் டவுனிலும் பாயான் பாருவிலும் பட்டர்வொர்த்திலும் டிவி, ஹோம் தியேட்டர் பகுதியில் நின்று விற்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் விற்கும் ரிசீவர்களை, அதாவது படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்களை, வீடுகளில் பொருத்திக் கொடுப்பவன் நான். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. எத்தனை வாட், 8கே உண்டா, எத்தனை சேனல் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், வந்தவர் வீட்டில் என்ன டிவி, படம் எந்தப் பெட்டியிலிருந்து (ஸ்ட்ரீமிங் பெட்டியா, புளூரேயா, கேம் கன்சோலா) வருகிறது, எது எதோடு இணையப் போகிறது என்று விசாரியுங்கள். ரிசீவர் தனியாக நின்று வேலை செய்யும் சாமான் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு டிவி. மூன்றில் எது பழையதோ, அதன் வேகத்துக்குத்தான் மற்ற இரண்டும் இறங்கி வரும்.

அண்மையில் பிறையில் ஓர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். புது 4கே பெட்டியை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கிறதாம். ரிசீவர் பழசு, மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். ரிசீவர் பழசுதான், பொய்யில்லை. 4கே படங்களுக்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். வழியில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அந்தப் பூட்டு தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்றுக்குத் தெரியாவிட்டால் படம் 1080 என்ற குறைந்த தெளிவுக்கு இறங்கும், இல்லையென்றால் வரவே வராது. ஆனால் அந்த ரிசீவரின் ஒலியில் ஒரு குறையும் இல்லையே! பெட்டியை நேராக டிவியில் செருகி, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவந்தேன். டிவி ஒலியைத் திருப்பி அனுப்பும் ஆர்க் வசதி பழைய ரிசீவரில் இல்லாவிட்டாலும், ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் ஆப்டிகல் ஒயர் போதும். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த சமாச்சாரம் அது. 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) சுருக்கிய வடிவில் இன்றைக்கும் ஒழுங்காகக் கொண்டுபோகும். இதைச் சொன்னால் ஒரு விற்பனை போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா அடுத்த டிவியை எங்கே வாங்குவார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆர்க் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான். இந்த வசதி, படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும் எச்டிஎம்ஐ இணைப்பின் 1.4 தரத்தோடு 2009-இல் வந்தது. டிவியிலிருந்து ஒலி அதே ஒயரில் திரும்பி ரிசீவருக்கு வரும். அதன் பெரிய தம்பியான இ-ஆர்க் 2017-இல் 2.1 தரத்தோடு வந்தது. வினாடிக்கு 37 மெகாபிட் வரை ஒலியைக் கொண்டுபோகும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் ஒலியைக் கேட்க இ-ஆர்க் கட்டாயம் என்று நீங்கள் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். புளூரே பெட்டியை டிவியில் செருகியிருந்தால், தட்டில் வரும் அட்மாஸுக்கு அது சரி. அங்கே அட்மாஸ் ட்ரூஎச்டி என்ற பெரிய வடிவத்தில் வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸ் அப்படியில்லை. அது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் ஏறி வருகிறது, உச்சமே வினாடிக்கு 768 கிலோபிட்தான். டிவி ஒத்துழைத்தால் சாதாரண ஆர்க்கே அதைத் தாங்கும். ஸ்ட்ரீமிங் மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு அட்மாஸ் பெயரைச் சொல்லி இ-ஆர்க்கை விற்கத் தேவையில்லை. உதட்டசைவும் வசனமும் தனித்தனியாகப் போகும் தொல்லையைச் சொன்னால் இ-ஆர்க்குக்கு நியாயம் உண்டு. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு அதில் கட்டாயம்.

அப்புறம், டிவியின் எல்லா ஓட்டையிலும் ஆர்க் வராது. பெயர் எழுதியிருக்கும் அந்த ஒன்றில்தான் செருக வேண்டும், டிவி மெனுவில், கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி வசதியைத் திறந்துவிட வேண்டும். அதே மெனுவில் டிஜிட்டல் ஒலி அமைப்பு பிசிஎம் என்று இருந்தால், பல டிவிகளில் ஏழு ஸ்பீக்கர் வாங்கியவருக்கும் இரண்டு சேனல்தான் கிடைக்கும். அதை, வந்த ஒலியை அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ என்றோ ஆட்டோ என்றோ மாற்றினால் கதை முடிந்தது. இந்த மூன்று விஷயத்தையும் ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுத்தால் எனக்கு வேலை குறையும். பரவாயில்லை.

அடுத்தது எச்டிஎம்ஐ 2.1 என்ற எண். பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் பையன்கள் இதைத்தான் கேட்டு வருகிறார்கள், நீங்களும் தலையாட்டி விடுகிறீர்கள். எச்டிஎம்ஐ உரிமத்தைக் கவனிக்கும் அமைப்பு 2.0 என்ற தரத்தை 2.1-க்குள்ளேயே சேர்த்துவிட்டது 2021 கடைசியில் பரவலாகத் தெரியவந்தது. 2.1-இன் புது வசதிகள் எதுவும் கட்டாயமில்லை. ஆகவே வினாடிக்குப் பழைய 18 கிகாபிட்டைத் தாண்டாத போர்ட்டுக்கும் (ஒயர் செருகும் ஓட்டைக்கும்) அந்த எண்ணைப் போடலாம். எந்தெந்த வசதி உண்டு என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எண்ணை விடுங்கள், கிகாபிட்டைப் பாருங்கள். 4கே படம், வினாடிக்கு 120 பிரேம், 10 பிட் நிறம் முழுதாக வேண்டும் என்றால் 40 கிகாபிட் போர்ட் வேண்டும். 24 கிகாபிட் போர்ட்டில் நிறத் தகவலைக் குறைத்தோ சுருக்கியோதான் அனுப்ப முடியும். ஆறு போர்ட் உள்ள ரிசீவரில் எத்தனை போர்ட்டுக்கு அந்தச் சக்தி என்பது அடுத்த கேள்வி. 2020-இல் வந்த சில ரிசீவர்களில் பெட்டியில் எல்லாம் சரியாக எழுதியிருந்தும், உள்ளே இருந்த சிப்பின் கோளாறால் எக்ஸ்பாக்ஸின் 4கே 120 படம் கறுப்பாகிப் போனது. சில தயாரிப்பாளர்கள் நடுவில் மாட்ட ஒரு குட்டிப் பெட்டி கொடுத்தார்கள், வேறு சிலர் போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும். உங்களிடம் வாங்க வருகிறவர்களில் பலர் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் போர்டையும் சிப்பையும் பார்த்தே பிழைக்கிறவர்கள். விளக்கிச் சொன்னால் புரியாது என்று நினைக்காதீர்கள்.

ஒயர் விலையைப் பற்றிப் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மீட்டர் தூரத்துக்கு, சான்றிதழ் ஒட்டியுள்ள அல்ட்ரா ஹைஸ்பீட் ஒயர் போதும். லேபிளைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள ஒயரில் படம் கூடுதல் அழகாக வராது. புரொஜெக்டருக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்க ஃபைபர் ஒயர் விற்கிறீர்களே, அதற்குப் போகும் முனை, வரும் முனை என்று திசை உண்டு என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். ரெனோவேஷன் ஆட்கள் சுவரைக் கொத்தி, தலைகீழாகப் பதித்து, சிமெண்டும் பூசிவிட்டுப் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வாட் கணக்கு இன்னும் மோசம். இரண்டு சேனல் ஒன்றாக ஓட, 8 ஓம் ஸ்பீக்கரில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்தால் 80 வாட் தரும் ரிசீவர், ஒரே சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவை அனுமதித்து அளந்தால் 140, 150 என்று வளர்ந்துவிடும். பெட்டி அதேதான். இந்த விளையாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 1974-இலேயே விதி போட்டார்கள். வாட் இரட்டிப்பானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இணைப்பு வீட்டு ஹாலுக்கு அது எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டத்தான்.

பெட்டிக்குள் ஒரு சின்ன மைக் இருக்கிறதே, அறையை அளந்து ஸ்பீக்கர்களைச் சரிக்கட்ட, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல வீடுகளில் அது பிளாஸ்டிக் உறையைக் கூடக் கிழிக்காமல் கிடக்கிறது.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பில்லில் மாடல் எண்ணுக்குக் கீழே மூன்று வரி சேருங்கள்: எத்தனை போர்ட்டில் எத்தனை கிகாபிட், ஆர்க்கா இ-ஆர்க்கா, எந்த முறையில் அளந்த வாட். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி 50,000 வெள்ளி வரையிலான புகாரை வாடிக்கையாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு, வாங்கியவருக்கும் பாதுகாப்பு. தீபாவளி விற்பனை தொடங்குவதற்குள் செய்தால் நல்லது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு மூச்சு விட நேரமில்லாமல் போகிறது.

இப்படிக்கு,
செபராங் பிறையில் ஒயர் மாட்டிப் பிழைக்கும் ஒருவன்