முகாமில் பிறந்த இந்தியக் குடிமக்களைக் கண்டறிந்து சான்று வழங்கவும், அவர்களின் வீட்டுக்கு உறுதி அளிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வாழ் குடும்பங்கள் சார்பில்,
முகாம் மக்கள் குழு.
(முகாமின் பெயரும் குடும்பப் பதிவு எண்களும் கையொப்பங்களும் தனி இணைப்பில்)

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை - 600 005.

பொருள்: 01.07.1987-க்கு முன்பு தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தோரையும் அவர்களின் பிள்ளைகளையும் முகாம் பதிவேடுகளைக் கொண்டு கண்டறிந்து குடியுரிமைச் சான்றுக்கு வழிசெய்தல்; அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு அளித்தல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்பு தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தவர்கள், குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3(1)(அ)-இன்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர், எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அந்தத் தேதிக்குள் இந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும். அப்படிப் பிறந்த பலர் இன்றைக்கும் முகாம் பதிவேட்டில் இலங்கையராகவே இருக்கிறார்கள். மாதாமாதம் தணிக்கை நாளில், அதாவது முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் நாளில், வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களைத் தங்கள் ஆணையரகமே கண்டறிந்து, அதற்குரிய சான்று கிடைக்க வழிசெய்ய வேண்டும். அந்தச் சான்றை வாங்குவதால் குடியிருக்கும் வீடு பறிபோகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். இந்த இரண்டையும் கேட்கத்தான் இந்த மனு.

நாங்களாகப் புதிதாகச் சொல்லும் வாதம் இல்லை இது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் வழங்குங்கள் என்று 2022-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தப் பெண் வாக்களித்தார். அந்தச் செய்தி எங்கள் முகாமில் அன்று எல்லோர் போனிலும் சுற்றியது. எங்கள் வீட்டுக் கல்யாணம் போலச் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவருக்குப் பிறகு வரிசை நகரவில்லை. பெயின்ட் வேலைக்குப் போய் அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் ஒவ்வொருவரும் வக்கீல் வைத்து, மதுரைக்கோ சென்னைக்கோ அலைந்து தன் ஒருவருக்காக வழக்கு நடத்த வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா? சட்டம் ஒன்று, பிறந்த தேதியும் ஒரே மாதிரி. பிறகு ஏன் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தீர்ப்பு வேண்டும்?

என் குடும்பத்தையே எடுத்துச் சொல்கிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்து இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு கடைசியில் மண்டபத்தில் அக்கா பிறந்தார். நான் பிறந்தது 1989-இல். அக்கா சட்டப்படி இந்தியர்; நான் இல்லை. 1986-இல் வந்த திருத்தத்தால், 1987 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அக்காவின் மகள் பிறந்தது 2004 அக்டோபரில். தாய் இந்தியர் என்பதால் அவளும் இந்தியர். அவள் தம்பி பிறந்தது 2007-இல். அதற்குள் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3-இல் அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. அக்காவின் கணவரான அத்தான் 1990-இல் சிறு பிள்ளையாக, ஆவணம் எதுவும் இல்லாமல் படகில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர். அதனால் அவர் மகன் இந்தியன் இல்லை. சில வார இடைவெளியில் தப்பிய அக்காள், தப்பாத தம்பி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்குள் மூன்று சட்டங்கள் ஓடுகின்றன. இத்தனைக்கும் பதிவேட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே வரிதான்: இலங்கை.

அக்காவின் மகள் நர்சிங் முடித்துவிட்டாள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவளுக்குச் சட்டம் கொடுத்திருப்பதை அவளே எழுதப் பயப்படுகிறாள். எழுதினால் பொய்த் தகவல் கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க ஒரு தாள் போதும். அந்தத் தாளைத்தான் கேட்கிறோம்.

ஆதாரம் எங்கே என்று கேட்டால், தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது ஐயா. முகாமில் ஒரு குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வருவாய் ஆய்வாளரிடம் கொடுத்துப் பெயர் சேர்ப்போம். சேர்த்தால்தான் அரிசியும் உதவித்தொகையும் கிடைக்கும் என்பதால் யாரும் அதை விடுவதில்லை. எங்கள் பழைய குடும்பப் பதிவின் நகல் ஒன்றை அம்மா வைத்திருக்கிறார். அப்பா, அம்மா பெயர்கள் நீல மையில் இருக்கின்றன. கீழே அக்காவின் பெயர் கறுப்பு மையில் பிறகு சேர்க்கப்பட்டிருக்கிறது. வயது என்ற இடத்தில் ‘5 நாள்’. பக்கத்துக் கட்டத்தில் நாடு: ‘இலங்கை’. மண்டபத்தை விட்டு வெளியே போகாத ஐந்து நாள் குழந்தையை யாரோ ஒரு எழுத்தர் பழக்கத்தில் இலங்கை என்று எழுதிவிட்டார். அவர்மீது குறை சொல்லவில்லை. அரிசிக் கணக்குக்காக எழுதியது அது. ஆனால் அந்தக் கட்டம்தான் நாற்பது வருடமாக அக்காவின் பின்னால் வருகிறது.

பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இல்லை என்பதும் உண்மை. அந்த ஆண்டுகளில் முகாம் விட்டு முகாம் மாற்றினார்கள். கூரை ஒழுகி நனைந்து போன காகிதங்களும் உண்டு. சிலருக்குப் பிறப்பே பதிவாகவில்லை. இப்போது தாமதப் பதிவுக்குப் போனால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே முகாம் பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்கிறார்கள். நகல் கேட்டுப் போனால், கொடுக்க அதிகாரம் இல்லை என்று பதில் வருகிறது. பதிவேடு தங்கள் துறையுடையது என்பதால், இந்த முடிச்சைத் தாங்கள் ஒரு சுற்றறிக்கையால் அவிழ்க்க முடியும்.

அடுத்து வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனென்றால் குடியுரிமை கேட்க எங்கள் ஆட்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பழைய வீடு என்றால் பத்துக்குப் பத்து அடி அறை. தார் அட்டையோ தகரமோ கூரை. சித்திரை வெயிலில் பகலில் உள்ளே இருக்க முடியாது. மகனுக்குக் கல்யாணமானால் நடுவே புடவையைக் கட்டி இரண்டாக்குவோம். பொதுக் கழிப்பறைக்கு இருட்டில் பெண்கள் சேர்ந்துதான் போவார்கள். அப்படிப்பட்ட முகாம்களில் 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட திட்டம் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு சொன்னது. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் பல மாவட்டங்களுக்குமாக 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் தனிச் சமையலறையும் வந்தது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த இருட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். உதவித்தொகையும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று அப்போது உயர்ந்தது. நன்றியை மறக்கவில்லை.

ஆனால் அந்த வீடு முகாம் பதிவில் பெயர் இருக்கும்வரைதான். பட்டா கிடையாது. அதனால் ஒரு பேச்சு முகாமுக்குள் ஓடுகிறது: “இந்தியன் என்று எழுதிக் கொடுத்தால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள், அப்புறம் வீடும் போகும், அரிசியும் போகும்.” இது சரியா தவறா என்று சொல்ல முகாமில் யாரும் இல்லை. தணிக்கைக்கு வரும் அலுவலர்களைக் கேட்டால், மேலிடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். அக்காவே என்னிடம், “தம்பி, நான் ஒருத்தி வோட்டுப் போடுறதுக்காக அத்தானும் பிள்ளையும் தெருவுக்குப் போகணுமா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தங்களால் முடியும். ஒரு குடும்பத்தில் ஒருவர் குடிமகன் என்று தெரியவந்தாலும் அந்தக் குடும்பத்தின் வீட்டு ஒதுக்கீடு தொடரும், மற்றவர்களின் உதவித்தொகை தொடரும் என்று தாங்கள் எழுத்தில் அறிவித்தால் பலர் தைரியமாக முன்வருவார்கள். குடிமகன் என்று உறுதியானவருக்கு, வீடில்லாத மற்ற ஏழைக் குடும்பங்களுக்குத் தருவது போல, அவர் இருக்கும் இடத்திலேயே வீட்டுமனைப் பட்டா தரவும் பரிந்துரைக்க வேண்டும்.

எங்கள் முகாமில் மலையகக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் கதை இன்னும் பழையது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் அவர்களின் முன்னோர் இதே மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டுத்தான் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. போர் வந்து தலைமன்னார் கப்பல் நின்றுபோனதால், முறைப்படி வர வேண்டிய பலர் படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர், படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. இவர்கள் விஷயத்தில் 2019 ஜூனில் உயர் நீதிமன்றம், விண்ணப்பங்களைக் கனிவோடு பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அந்தக் குடும்பங்களின் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறோம்.

மற்றவர்கள் நிலை மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சொல்லி, எங்களை விட்டுவிட்டது. அப்புறம் 2025 செப்டம்பரில் ஒரு நல்ல உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன்பு வந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்றது அது. சிறைக்குப் போகமாட்டோம் என்பது ஆறுதல். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறை அப்படியே நிற்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. செல்லத்தக்க ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவரையும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரையும் பற்றித்தான் அந்த வரையறை பேசுகிறது. 1989-இல் இங்கேயே பிறந்த நான் எந்தக் கரையைத் தாண்டி நுழைந்தேன்? என்னைப் போல் 1987-க்குப் பிறகு முகாமில் பிறந்தவர்களுக்கு இந்த வரையறை பொருந்தாது என்று மாநில அரசு தன் கருத்தை எழுதி மத்திய உள்துறைக்கு அனுப்ப வேண்டும். அத்தானைப் போல் குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு விலக்குக் கேட்டும் பரிந்துரைக்க வேண்டும்.

ஆனால் அதற்காக அக்காவின் விஷயம் காத்திருக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குடியுரிமை கொடுப்பதா வேண்டாமா என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும். அது குடியுரிமை இல்லாதவர்களைப் பற்றியது. அக்காவிடம் அது பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, மத்திய அரசின் முடிவு வரட்டும் என்று நிறுத்திவைப்பதுதான் இதுவரை நடந்த பெரிய அநியாயம்.

ஆகவே, ஒவ்வொரு முகாமிலும் பழைய பதிவேடுகளைப் பார்த்து 01.07.1987-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்களின் பட்டியலையும், 03.12.2004-க்கு முன்பு அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் பட்டியலையும் தயாரிக்கும்படி தனித் துணை வட்டாட்சியர்களுக்கு உத்தரவிடக் கோருகிறோம். பட்டியலை முகாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, விடுபட்டவர்கள் முறையிட அவகாசம் தர வேண்டும். பதிவேட்டு நகல் கேட்பவருக்குக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். பிறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல் படிவம் 6, பாஸ்போர்ட் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு முகாமிலேயே ஒரு நாள் சிறப்பு ஏற்பாடு செய்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவரையும் உட்கார வைத்தால் பாதி வேலை அன்றே முடியும். வீடு பற்றிய உறுதிமொழிச் சுற்றறிக்கை இதற்கெல்லாம் முன்னால் வர வேண்டும். அது வராமல் பட்டியல் எடுக்க வந்தால் மக்கள் பயந்து பெயர் கொடுக்க மாட்டார்கள்.

நேரில் விளக்கம் தர எங்கள் குழுவினர் தாங்கள் சொல்லும் நாளில் சென்னை வரத் தயாராக இருக்கிறோம். முகாம் எல்லையைத் தாண்டி வருவதற்கான அனுமதியை உரிய அலுவலருக்குத் தெரிவித்து உதவும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு:
01.07.1987-க்கு முன்பு பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள் பட்டியல்
மலையகக் குடும்பங்களின் பட்டியல்
பழைய குடும்பப் பதிவு நகல்கள்
கையொப்பங்கள்

இப்படிக்கு,
முகாம் மக்கள் குழு சார்பில்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)