சீட்டில் 12 சதவீதம், நடுவில் 20: முறுக்கிப்போன வாசற்கதவு குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உள்வரை உலர்ந்ததாகச் சொல்லி விற்ற பழைய மரத்தில் ஈரம் இருந்தது குறித்தும், மாற்று மரம் கோரியும்.

ஐயா,

வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன், இடித்த கட்டடத்திலிருந்து எடுத்த ஆறு தேக்கு உத்தரங்களை உங்களிடம் வாங்கினேன். எல்லாம் 150 மில்லிமீட்டர் சதுரம். ஐந்தை நான் கொடுத்த அளவுப்படி நீங்களே அறுத்துக் கொடுத்தீர்கள். ஒன்றை மட்டும் முழுசாக எடுத்து வந்தேன். உத்தரங்களில் தொங்கிய சீட்டில், "சூளையில் உலர்த்தியது, உள்வரை ஈரப்பதம் 12 சதவீதம், ஆணி நீக்கியது" என்று அச்சிட்டிருந்தது.

ஆணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைந்த ஆணித் துண்டுகள் மூன்று உள்ளேயே இருந்தன. ஒன்றில் பட்டு என் இழைப்புளியின் அலகு பல்லுப்பல்லாகப் போயிற்று. இரும்பு இருந்த இடத்தில் மரம் மை கொட்டியதுபோலக் கருத்திருந்ததால் மற்ற இரண்டையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை.

அந்த மரத்தில் என் வீட்டு வாசலுக்குக் கதவு செய்தேன். 2100 மில்லிமீட்டர் உயரம், இரண்டு நெட்டுச் சட்டங்கள், மூன்று குறுக்குச் சட்டங்கள், நடுவே நான்கு பலகைகள். மூட்டுகள் எல்லாம் நெட்டுச் சட்டத்தை ஊடுருவி மறுபக்கம் வரும் கழுந்துகள், அதாவது குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்குபோலச் செதுக்கிய பகுதிகள். பசை போடவில்லை. கழுந்தில் உள்ள துளையை, நெட்டுச் சட்டத்தின் துளைக்கு நேராக இல்லாமல் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு, மர முளை அடித்தால் மூட்டு தானாக இறுகும். பலகைகளைக் காடிக்குள் இறுக்காமல் விட்டேன், அவை விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதற்காக. கடைசி நாளன்று, சட்டத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்த கழுந்து முனைகளைச் சீவிச் சமன் செய்தேன். விரலால் தடவினால் மூட்டு எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக என் கையால் ஒன்று அமைந்தது அதுதான் முதல் முறை.

மாட்டிய இரண்டாம் மாதமே கதவு நிலையில் உட்காரவில்லை. மேல் மூலை ஒட்டினால் கீழ் மூலை 11 மில்லிமீட்டர் விலகி நின்றது. உங்கள் அலுவலகத்தில் சொன்னபோது, "நூறு வருஷத்து மரம், இனி அசையாது. கதவு முறுக்கினால் தச்சு வேலையில்தான் குறை" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் தவறு. மரத்துக்கு எத்தனை வயதானாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். என் கதவே அதற்குச் சாட்சி. அன்று சமமாகச் சீவிய கழுந்து முனைகள் பின்னால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வெளியே துருத்தி நின்றன. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை, ஆகவே கழுந்து வளரவில்லை. 120 மில்லிமீட்டர் அகலமிருந்த சட்டம்தான் சுருங்கியிருக்கிறது. காய்ந்த தேக்கு வீட்டுக்குள் இவ்வளவு சுருங்காது.

முழுசாக வைத்திருந்த ஆறாவது உத்தரத்தை அதன்பின் நடுவில் அறுத்தேன். குறுக்காக ஒரு வில்லை எடுத்து, வெளிப்புறத்தையும் நடுவையும் தனித்தனியாகப் பிளந்து உடனே எடை போட்டேன். பிறகு 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்தேன். வெளித்துண்டு 113 கிராமிலிருந்து 100 ஆனது, அதாவது காய்ந்த எடைக்கு 13 சதவீத ஈரம். நடுத்துண்டு 142 கிராமிலிருந்து 118. அது 20 சதவீதத்துக்கும் மேல்! அதுவும் எட்டு மாதம் என் கொட்டகையில் காய்ந்த பிறகு.

ஊசி குத்தி ஈரம் அளக்கும் கருவியால் உத்தரத்தின் மேல்முகத்தை நானும் வாங்கும்போதே அளந்தேன், 12 என்றுதான் காட்டியது. அறுத்த முகங்களை மறுபடி அளக்காமல் விட்டது என் பிழை, மறைக்கவில்லை. ஆனால் "உள்வரை" என்ற சொல்லை நம்பித்தான் விட்டேன். இத்தனை பருமனான உத்தரத்தைச் சூளையில் வைத்தால் மேல் ஓடு சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் உள்ள ஈரம் வெளியேற வெகுநாள் பிடிக்கும். எடுத்து வரப் போனபோது உங்கள் முற்றத்தில் உத்தரங்கள் வெறும் தரையில், கூரையில்லாமல் கிடந்ததையும் பார்த்தேன். பழைய துளைகளில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அப்படிக் கிடந்த மரத்தை அறுத்தால் ஒரு முகம் காய்ந்த ஓடு, மறுமுகம் ஈர நடு. ஈர முகம் பின்னால் சுருங்கும்போது சட்டத்தை இழுக்கும். இழையும் சாய்ந்திருந்தால் முறுக்கும். என் கதவில் நடந்தது இதுதான்.

பசை போடாததால் முளைகளைத் தட்டி எடுத்துக் கதவைப் பிரித்துவிட்டேன். பலகைகளுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் சேதமில்லை. எனக்கு வேண்டியது, அதே நிறத்தில், நடுவரை உலர்ந்த இரண்டு நெட்டுச் சட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் வில்லை எடுத்து ஈரத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். ஆறாவது உத்தரத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நடுவை அளக்காத மரத்தில் "உள்வரை" என்று சீட்டு கட்டுவதை நிறுத்த வேண்டும். இது எனக்காக மட்டும் கேட்பதில்லை. உங்களிடம் மரம் வாங்கி மாதக்கணக்கில் உளியோடு உட்காரப்போகிற அடுத்த ஆளுக்காகவும்தான்.

வில்லைத் துண்டுகள், எடைக் குறிப்பு, சீட்டு மூன்றும் என்னிடம் உள்ளன. உங்கள் ஆள் ஒருவர் வந்து, பிரித்த கழுந்துகளை மறுபடி சட்டத்தில் பொருத்தி, முனைகளைத் தடவிப் பார்க்கட்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வாசலை இப்போதைக்கு ஒட்டுப்பலகை வைத்து அடைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்