சேர்ந்து கேட்ட பாட்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனால் குரலில் அந்தப் பழைய கம்பீரம் அப்படியே இருக்கிறது.

‘இப்போதெல்லாம் என்ன பார்க்கிறாய், என்ன கேட்கிறாய்?’ என்று கேட்டிருந்தாய். நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்க, நான் பார்ப்பதையெல்லாம் நான்தான் தேர்ந்தெடுக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அம்மாவுக்காக ஒருமுறை யூடியூபில் முழங்கால் பயிற்சி தேடினேன். அதற்கப்புறம் எப்போது திறந்தாலும் மூட்டுத் தேய்மானம்தான். நடுநடுவே சோகப் பாட்டுகள். ஒருநாள் மகளின் போனில் அதே யூடியூபைத் திறந்து என் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வீடியோகூட இரண்டிலும் பொதுவாக இல்லை. அவள் பக்கத்தில் இருந்த பாடகர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை. அவள் என் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க இவ்வளவு சோகமாவா இருக்கீங்க?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தூக்கம் வராத இரவுகளில் கேட்ட பாட்டுகளை வைத்து, என்னை இன்னார் என்று அந்த இயந்திரம் முடிவுகட்டி வைத்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகளும் அதை நம்பிவிடப் பார்த்தாள்.

இது தற்செயலாக நடப்பதில்லை. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பரிந்துரைப்பது என்று யூடியூப் 2012இல் மாறியது. அடிமட்டமே தெரியாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார். நேற்று எதில் நேரம் கழித்தோமோ, அதையே இன்றும் தட்டில் வைத்து நீட்டினால் மனிதன் எப்படி மாறுவான்? உனக்கு நினைவிருக்கிறதா, சொல் இல்லாத வாத்திய இசை என்றாலே நான் நழுவிவிடுவேன். நீதான் கையைப் பிடித்து உட்காரவைத்து, “முடியுற வரைக்கும் கேளு, அப்புறம் பேசு” என்பாய். இன்று அந்த இசை இல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது. எந்தப் பரிந்துரையும் அதை என்னிடம் கொண்டுவந்திருக்காது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே நான் அதைத் தள்ளிவிட்டிருப்பேன். என் ரசனை என்று நான் பெருமைப்படுவதில் பாதி, உன்னைப் போன்றவர்களின் பிடிவாதம்.

அண்மையில் முதல் வாக்மேனைப் பற்றிப் படித்தேன். நடந்துகொண்டே கேசட்டில் பாட்டுக் கேட்க உதவிய கையடக்கக் கருவி அது. சோனி நிறுவனம் 1979இல் வெளியிட்ட அந்தக் கருவியில் இரண்டு ஹெட்போன்கள் மாட்ட இடம் இருந்தது. கூடவே ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தான். அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணிந்து, சின்ன மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சு காதில் விழும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா கவலைப்பட்டாராம். அடுத்தடுத்து வந்த மாடல்களில் அந்த ஏற்பாடு காணாமல் போனது. அந்தக் கவலையை நினைத்தால் எனக்கு அவர் மீது தனி மதிப்பு வருகிறது.

போனை மட்டும் திட்டிக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் 2013இல் குரல் செய்தி வந்தது அம்மாவுக்குப் பெரிய வரம். அவளுக்குத் தட்டச்சு வராது. ஒவ்வொரு செய்தியையும் “நான்தாம்ப்பா, அம்மா பேசுறேன்” என்றுதான் தொடங்குவாள். அப்புறம் மூச்சு வாங்குவது, யாரோ கதவைத் தட்டுவது, அவர்களுக்கு அவள் பதில் சொல்வது எல்லாம் அதில் வந்துவிடும். பேத்தி அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கோபம் வந்தால் இப்போது அவள் பேச்சில் அம்மாவின் ஏற்ற இறக்கம் அப்படியே வருகிறது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

வாரம் ஒரு இரவு, ஆளுக்கு ஒரு பாட்டு என்று வீட்டில் ஒரு வழக்கம் ஆரம்பித்திருக்கிறோம். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் ஓட வேண்டும், பாதியில் யாரும் நிறுத்தக் கூடாது. போன தடவை மகள் ஒரு ராப் பாட்டைப் போட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, “இந்தப் பையனுக்கு என்ன கோபம்? யாராவது அவனை என்னன்னு கேட்டாங்களா?” என்றாள் அம்மா. மகள் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, வரி வரியாக விளக்க ஆரம்பித்தாள். வேலை கிடைக்காத இளைஞன், அவனை ஏற இறங்கப் பார்க்கும் அக்கம்பக்கம் என்று போனது அந்தப் பாட்டு. சொல்லச் சொல்ல அவள் குரல் கம்மியது. வேலை தேடி அலைந்த நாட்களில் அவள் என்ன பாடு பட்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

அடுத்த முறை என் பங்குக்கு நீ சொல்லும் பாட்டைப் போடப் போகிறேன். நானாகத் தேடிப் போகவே மாட்டேன் என்று உனக்குத் தெரிந்த ஒன்றாகப் பார்த்து எழுது. கண் நன்றாக ஆறிய பிறகு எழுதினால் போதும், அவசரமில்லை. மருத்துவர் அடுத்து எப்போது பார்க்க வரச் சொன்னார் என்பதை மட்டும் உடனே தெரியப்படுத்து. அன்று நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்