ஸ்லேட்டர் வரலாற்றில் விடுபட்ட பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நூற்பாலைத் தொழிலுக்கு அடித்தளமிட்ட சாமுவேல் ஸ்லேட்டரைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இங்கிலாந்தின் பெல்பர் ஊரில் 1768-இல் பிறந்து, ஜெடதையா ஸ்ட்ரட்டின் ஆலையில் தொழில் பழகிய அவர், நுட்பம் அறிந்தவர்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், 1789-இல் ரகசியமாகக் கப்பலேறி, ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்தை நினைவிலிருந்தே அமெரிக்காவின் பாடக்கெட் ஊரில் உருவாக்கியதைக் கட்டுரையாளர் சுவைபட எழுதியுள்ளார். ஆனால் அவர் 'தனியொருவராகச் சாதித்தார்' என்று முடித்திருப்பது பாதிக் கதைதான்.

முதலீடு மோசஸ் பிரவுன் என்ற வணிகருடையது. இரும்புப் பாகங்களைச் செய்து கொடுத்தது உள்ளூர்க் கொல்லரான வில்கின்சனின் குடும்பம்; அந்த வீட்டுப் பெண்ணையே ஸ்லேட்டர் மணந்தார். இவர்களையாவது வரலாறு பெயர் சொல்லி வைத்திருக்கிறது. 1790 டிசம்பரில் ஆற்று நீரின் விசையால் இயந்திரம் ஓடத் தொடங்கியபோது அதன் முன் நின்ற முதல் தொழிலாளர்கள் 7 முதல் 12 வயது வரையிலான 9 பிள்ளைகள். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்: ஓடுகிற சைடில், அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கத்தில், இழை அறுந்தால், நூல் சுற்றும் கதிரைப் பிடித்து நிறுத்தி, நூல் நுனியைத் தேடியெடுத்து, உருளையிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு ஒட்டிவிட்டுக் கையை எடுப்பது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. வளர்ந்தவர்களுக்கே விரல் காய்த்துப்போகும்.

அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஸ்லேட்டர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; மற்ற நாள்களில் ஆலையில் நிறுத்தாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுப் பள்ளிக்கே தேவை இருந்திருக்காது. 1824-இல் அதே பாடக்கெட்டில் முதலாளிகள் வேலை நேரத்தைக் கூட்டி, நெசவுப் பெண்களின் கூலியைக் குறைத்தபோது, அப்பெண்கள் தறியை விட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தனர். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஸ்லேட்டரைத் தொழில்துறையின் தந்தை என்று பாராட்டியதற்கோ தனிப் பெட்டிச் செய்தி!

தர்மபுரி மாவட்டத்தாருக்கு இது எங்கோ நடந்த பழங்கதை அன்று. பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து, படிப்பைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகள் மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு வேனேறிப் போனதைக் கண்டிருக்கிறோம். மூன்றாண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஏஜென்ட் சொன்ன 'சுமங்கலித் திட்டத்தை' நம்பி அனுப்பிய பெற்றோரும், உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பியதால் அந்தத் தொகையை இழந்த பெண்களும் எங்கள் பக்கம் உண்டு.

இவ்வரிசையில் அடுத்ததாக, இங்கிலாந்திலிருந்து வந்து கோவையில் 1888-இல் நூற்பாலை தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் பற்றிய கட்டுரை வரும் என்று அறிவித்துள்ளீர்கள். அதில், ஆலையை எழுப்பிய துரையின் வரலாற்றோடு, அங்கு முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் நின்றார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதையும் பழைய ஆவணங்களில் தேடி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.