மாமா, வண்டியைக் கொடுக்கிறேன்

மாமாவுக்கு,

வண்டியைக் கொடுக்கச் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்து எடுத்துப்போகிறார்கள். திதி முடியட்டும் என்று அத்தை சொன்னதால்தான் இத்தனை நாள் இழுத்தது. நீங்கள் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது மாமா. வாங்குகிறவர் ஈரோட்டுப் பக்கம். சின்ன வயசு, பழைய ஃபியட் என்றால் உயிர். என்ன விலை என்று இங்கே எழுதப்போவதில்லை, நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். வளையல் விஷயமும் எழுதமாட்டேன். அது உங்களுக்கும் அத்தைக்கும் உள்ளது. அத்தை அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் எத்தனை சுற்று என்று பந்தயத்தில் உங்களுக்கு எழுதிக் காட்டிய அந்தக் கரும்பலகையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பேரனும் படிப்பான் என்பதால் அவனுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சோழவரம் என்பது செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990இல் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்கும் கோயம்புத்தூர்க்காரர்களான நமக்கும் பந்தயம் என்றால் அந்த ஓடுதளம்தான். வெளிநாட்டிலிருந்து கார் இறக்க வசதி உள்ளவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஊரில் ஓடுகிற ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் பிரித்துச் சேர்த்து ஓட்டினார்கள். உன் தாத்தா ஆவாரம்பாளையம் பட்டறையில் எஞ்சின் ஹெட்டை ராவி, பின் சீட்டைக் கழற்றி, அதே வண்டியை ஐந்நூறு கிலோமீட்டர் ரோட்டில் ஓட்டிப்போய், அதிலேயே பந்தயமும் ஓட்டியவர். 1089 சிசி எஞ்சின், கை கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

அந்த டிரம் பிரேக்கைத்தான், எனக்குப் பத்து வயதில் ஒரு பந்தயத்துக்கு முந்தின நாள் ராத்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்தடுத்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங் வழுக்கும், அப்புறம் பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. அதனால் முதலிலிருந்தே கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டணும், கடைசி இரண்டு சுற்றுக்குத்தான் பிரேக்கை முழுசாகச் செலவு பண்ணணும். "நீ பலகையில ரெண்டுன்னு காட்டு கண்ணு, அதுக்கப்புறம் பாரு மாமனை."

நான் ஒரு சுற்று முன்னாலேயே இரண்டு என்று காட்டிவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளை ஃபியட் இரண்டு ஓடின. மற்றது முன்னால் கடந்ததை நீங்கள் என்று நினைத்து, மூன்றை அழித்து இரண்டு என்று எழுதிவிட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்ததும் தப்பு புரிந்தது. திரும்ப மூன்று என்று எழுத நேரம் இருந்தது மாமா. பக்கத்தில் பெரிய ஆட்கள் நின்றார்கள், அழித்து எழுதினால் சிரிப்பார்கள் என்று இருந்தது. இரண்டு என்றே காட்டினேன். அடுத்த முறை ஒன்று. வளைவுக்கு வெகு பக்கம் வரை காலை எடுக்காமல் போய், பிரேக்கை அழுத்தி, மூன்றாவது இடத்துக்கு வந்தீர்கள். நான் குதித்தேன். சுற்றை முடித்து வந்தபோது கொடி விழவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் தெரிகிறது. பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஓடுதளத்தின் கோடியில் வண்டி திரும்பவே இல்லை, நேராக வைக்கோல் கட்டுகளுக்குள் போனது.

லாரியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். திண்டிவனம் தாண்டி எங்கேயோ, என் மடியிலிருந்த பலகையை வாங்கி, சட்டைக் கையால் துடைத்துவிட்டு, உங்கள் காலுக்கடியில் வைத்துக்கொண்டீர்கள். முட்டி வீங்கிக் காலை மடக்க முடியாமல் இருந்தது. பட்டறையில் எல்லோரிடமும், "டிரம் போயிருச்சு."

அது மட்டும்தான். அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு அறை விட்டிருக்கலாம். பிரேக்கை எரித்தவன், ஓட்டத் தெரியாதவன் என்று உங்களைப் பற்றி ஊரில் பேசினார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பேசினார்கள். நான் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பத்து வயதில் திறக்கவில்லை, முப்பதிலும் திறக்கவில்லை. நீங்களே சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சாக்கை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான். பட்டறையில் நாலு பெரிய ஆட்களை விட்டுவிட்டு, பத்து வயசுப் பையன் கையில் உயிரைக் கொடுத்ததும் நீங்கள்தானே? அம்மா இதைக் கேட்டிருந்தால் உங்களோடு பேசியே இருக்கமாட்டாள்.

இப்படி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். அழிக்கத் தோன்றுகிறது, ஆனால் அழிக்கவில்லை.

1988இல் நம் ஊர்ப் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை ஓடவிட்டபோது, வசதி இல்லாத பையன்களும் இனிமேல் ஓட்டலாம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். உங்கள் முட்டி அதற்குள் போய்விட்டது. 2003இல் செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே தடம் திறந்தபிறகு ஒருநாள் உங்களைக் கூட்டிப்போனேன். அங்கே சொல்லிவிடத்தான் கூட்டிப்போனேன் மாமா. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றீர்கள். ஒரு வண்டி வளைவுக்கு வரும்போதெல்லாம் உங்கள் வலது கால் தரையை அழுத்தியது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் வரவில்லை. "டீ குடிக்கலாமா கண்ணு" என்றீர்கள். போனோம்.

டிரம் போனதற்குக் காரணம் நான். திண்ணையில் பேசியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். என் மாமன் நன்றாகத்தான் ஓட்டினார்.

போன வாரம் நாலு சக்கரத்தையும் கழற்றிப் புது லைனிங் போட்டேன். பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு, சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தேன். பெடல் இன்னும் ஒரு விரல் கூடுதலாக இறங்குகிறது. திங்கட்கிழமை சாவி கொடுக்கும் முன்பே அந்தப் பையனிடம் அதைச் சொல்லிவிடுகிறேன்.