வீட்டுக் கதைகளுக்கு அரைப் பக்கம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புக்கு ஒரு நல்ல நூதனசாலை வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வந்தால்தான் எங்கள் வரலாறு தப்பும் என்ற மாதிரி அவர் முடித்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

அசீரியரைப் பாருங்கள். பாடசாலைப் புத்தகத்தில் மெசப்பொத்தேமியா பாடத்தோடு முடிந்துபோனவர்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் சனம் இன்றைக்கும் ஈராக், சிரியா, துருக்கி, ஈரான் பக்கங்களில் இருக்கிறது, அப்புறம் எங்கள் பிள்ளைகளைப் போலவே சுவீடன், அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று சிதறியும் கிடக்கிறது. அவர்களின் நினிவே நகரம் கி.மு. 612இல் விழுந்தது. அசூர்பனிபால் அரசன் சேர்த்து வைத்த களிமண் ஏடுகள் மண்ணுக்குள் போயின. 1853இல் அவற்றில் ஒரு பெரும் பகுதியைத் தோண்டி எடுத்தவர் மொசூலில் பிறந்த ஹொர்முஸ்ட் ரஸ்ஸாம், அவரும் ஓர் அசீரியர்தான், ஆனால் எடுத்தவை போய்ச் சேர்ந்தது லண்டனுக்கு. இடையில் 1,500 வருடங்களுக்கு மேலாக அந்த எழுத்தை வாசிக்க உலகத்திலேயே ஆளில்லை.

ஏடும் இல்லை, அரசும் இல்லை. வீடு இருந்தது. வீட்டில் அரமேய மொழி பேசினார்கள், கதை சொன்னார்கள், நோன்பு பிடித்தார்கள். யோனா (முஸ்லிம்களுக்கு யூனுஸ் நபி) வந்து எச்சரித்ததும் நினிவே ஊரே ஆடு மாடு உட்படப் பட்டினி கிடந்து மன்றாடியது என்ற வேதாகமக் கதைக்காக வருடாவருடம் மூன்று நாள் நோன்பு. அதே நோன்பு கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமும் உண்டு, குறவிலங்காட்டில் யோனாவின் கப்பலையே தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

மார் பெஹ்னாம் என்று ஒரு புனிதர் கதையும் இருக்கிறது. கிறிஸ்தவரானதற்காகத் தன் மகனையும் மகளையும் கொல்வித்து, பிறகு மனம் திருந்திய அரசனின் கதை. அந்த அரசனுக்குக் கதையில் பெயர் சின்ஹாரிப், அதாவது பழைய அசீரிய அரசன் சனகெரிப்பின் பெயர். வரலாற்றில் சனகெரிப் செத்தது கி.மு. 681இல், கதை நடப்பதோ கி.பி. 4ஆம் நூற்றாண்டில். ஆயிரம் வருடம் இடிக்கிறது! இதை வரலாறு என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் அந்தப் பெயர் அந்த மண்ணில் சனத்தின் வாயில் புழங்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1915இல் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த படுகொலை, 1933இல் ஈராக்கின் சிமேலேயில் நடந்தது, 2014இல் ஐ.எஸ். காரர் மொசூலைப் பிடித்தது என்று மூன்று முறை ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். 2015இல் மொசூல் நூதனசாலைச் சிலைகளைச் சுத்தியலால் அடித்து உடைத்ததை உலகமே பார்த்தது, மார் பெஹ்னாமின் கல்லறையையும் அதே வருடம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்லறை போனாலும் கதையைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நூதனசாலை கேட்ட வாசகர் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

சரி, எங்கள் பக்கம் வருவோம். கொக்கட்டிச்சோலைக் கல் நந்தி போர்த்துக்கேயன் முன்னால் எழும்பிப் புல் தின்ற கதை எல்லாருக்கும் தெரியும், அது போகாது. போய்க்கொண்டிருப்பது வீட்டுக்குள் இருக்கும் சின்னக் கதைகள். என் அம்மம்மா 1978 சூறாவளியைச் சொல்லத் தொடங்கினால் அன்று மத்தியானம் என்ன சொதி வைத்தார் என்பதில்தான் தொடங்குவார், பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, ஓடு பறந்தபோது பிள்ளைகளை எந்த மேசைக்குக் கீழே தள்ளினார், விடிந்து பார்த்தால் வளவில் எத்தனை தென்னை நின்றது என்று ஒழுங்காக வரும். எந்த அறிக்கையிலும் இது இருக்காது. தாய்வழியில் தாங்கள் என்ன குடி (வம்சம்) என்று கேட்டால் கனடாவில் இருக்கும் என் மருமக்களுக்குத் தெரியாது, இங்கே ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், குடும்பக் கதை என்றால் மினுக்கிவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள், எல்லார் வீட்டிலும் பூட்டனார் வயல் சொந்தக்காரப் போடியார்தான், அவர் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனாக இருந்த ஒருவரையும் காணோம்!

ஆகவே ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வயதானவர்கள் எழுதமாட்டார்கள், பேரப்பிள்ளைகள் ஃபோனில் பதிந்து எழுதி அனுப்பட்டும், சொன்னது யார், அவர் யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்ற விபரம் இல்லாவிட்டால் போடாதீர்கள். இடையில் மறித்து "அப்படியில்லை அம்மம்மா" என்று திருத்தவும் வேண்டாம். படுவான்கரையில் இருந்தும் வரட்டும், அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்தும் வரட்டும், முஸ்லிம் வீட்டுக் கதையும் பறங்கி (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்) வீட்டுக் கதையும் வரட்டும். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் எங்கள் கோட்டையைப் பிடித்தார்கள், அதற்குப் பிறகும் இவ்வளவு காலமாகப் போர்த்துக்கேயப் பேச்சைப் பறங்கியர் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்களே, அவர்களிடம் கதைக்கு என்ன குறை?

இடம் போதாது என்றால் ராசிபலனைக் குறையுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்