ஆரம்ப சுகாதார நிலையச் சாலையை பிளாஸ்டிக் கழிவு கலந்த தார்ச்சாலையாக அமைத்துத் தரக் கோரும் மனு

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்து, ஒப்புகைச் சீட்டு மட்டும் பெற்ற எங்கள் மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தச் சாலையின் நிலை தாங்கள் அறியாததல்ல. தடுப்பூசி முகாமுக்கு வந்த அன்று தங்கள் ஜீப்பே சிறுபாலத்தோடு நின்றுவிட்டது.

1. மழைக்காலத்துக்கு முன் ஒட்டுப்போடுகிறார்கள். முதல் மழையிலேயே ஜல்லி வேறு, தார் வேறாகப் பெயர்ந்துவிடுகிறது.

2. சிறுபாலத்தைத் தாண்டி ஆட்டோ வருவதில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும் நிறைமாதப் பெண்கள் அங்கேயே இறங்கி, துணைக்கு வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலடியில் உருளும் ஜல்லியில் நடக்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் பள்ளம் எது, மேடு எது என்றே தெரியாது. பேருந்து டயரில் சிக்கித் தெறித்த கல், மருந்து வாங்க வரிசையில் நின்ற பாட்டியின் முழங்காலைப் பதம் பார்த்தது. 108 வண்டியும் ஊர்ந்துதான் வருகிறது. வலியோடு வருபவளை இறங்கி நடக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் ஐயா?

3. வழி இல்லாமல் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் 2002இலேயே செய்து காட்டியதுதான். அதற்காக 2018இல் பத்மஸ்ரீயும் பெற்றார். சுமார் 160 டிகிரிக்குச் சூடேறிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், உருகிப் படலமாய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடுகிறது, இடையில் நீர் புகுவது குறைகிறது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் சேர்க்கலாம் என்று, சாலைப் பணிகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் அமைப்பு 2013இலேயே எஸ்பி:98 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. பொறியாளர் பிரிவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன?

4. பிளாஸ்டிக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நகராட்சிக் குப்பை சேரும் உரக்கிடங்கில் குவிந்து கிடக்கிறது. துண்டாக்கும் இயந்திரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கிடங்குக்குப் போகாத கவர்கள் வடிகாலை அடைக்க, சாக்கடை சாலையில் ஏறி, போட்ட தாரையும் அரிக்கிறது. சாலைக்குள் போக வேண்டிய பொருளே சாலையைத் தின்கிறது!

5. குழாய் போன்றவை செய்யும் பிவிசி வகை பிளாஸ்டிக்கை மட்டும் கலக்கக் கூடாது. சூட்டில் நச்சு வாயு வரும். வடிகாலை முதலில் தூர்வார வேண்டும். அதைச் செய்யாமல் எதைக் கலந்து போட்டாலும் வீண்தான்.

6. மறுபடியும் ஒட்டு வேண்டாம் ஐயா.

ஆகவே, வரும் ஒப்பந்தப்புள்ளியிலேயே பிளாஸ்டிக் கலவையை நிபந்தனையாகச் சேர்த்து, இந்தச் சாலையை முழுமையாக அமைத்துத் தருமாறு மீண்டும் வேண்டுகிறோம். சாலை வரும்வரை, சிறுபாலத்திலிருந்து சுகாதார நிலைய வாசல் வரை சிதறிக் கிடக்கும் ஜல்லியையாவது இந்த வாரமே அள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுகாதார நிலையச் சாலைக் குடியிருப்போர்